வெளிர்சிவப்புக் கட்டங்கள்

உத்தமபாளையத்துக் கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தில், ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்களுக்கான மூன்று நாள் பயிலரங்கின் இரண்டாம் நாள் காலையில், வெள்ளைப் பலகையில் நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘நிறம் தரவு ஆகாது.’ எழுதிய கையோடு அதன் அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அந்தக் கோட்டை நினைக்கும்போது இன்றும் கை கூசுகிறது.

நான் தேனியில் கணினி கற்பிப்பவள். சில ஆண்டுகளாக, கம்பம் பள்ளத்தாக்கின் கல்லூரிகள் அழைக்கும்போது போய், ஆராய்ச்சியாளர்களுக்குக் கோப்புகளை ஒழுங்காக வைப்பது, அட்டவணையைத் திருத்தமாக அமைப்பது, நான்கைந்து வரியில் ஒரு நிரல் எழுதித் தங்கள் எண்களைத் தாங்களே எண்ணிப் பார்ப்பது ஆகியவற்றைச் சொல்லித் தருகிறேன். வருபவர்கள் தாவரவியல், வரலாறு, பொருளியல் என்று பல துறைகளைச் சேர்ந்தவர்கள். பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்கள். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதையும் புள்ளியியலையும் கடையில் கொடுத்து வாங்கிப் பழகியவர்கள். கடைக்காரர் தரும் அட்டவணையில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்தது என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாது. இந்த இருட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அலுக்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

தங்கள் மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் இவர்கள், என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். "புரிகிறதா?" என்றால், "புரியுது மேடம்" என்று கூடம் முழுவதும் ஒரே குரலில் சொல்லும். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. "மேடம், நான் கல்வெட்டுக்காரன். ஆயிரம் வருசம் முந்தி வெட்டுனத வாசிச்சிருவேன். நேத்து நானே டைப் பண்ணது எங்கன போச்சுன்னுதான் தெரியல" என்பார். கூடம் சிரிக்கும். சிரித்து முடித்ததும் மறுபடி "புரியுது மேடம்."

முதல் நாள், கோப்புகளுக்குப் பெயர் வைப்பது பாடம். உதாரணத்துக்கு ஒருவருடைய கோப்புறையைத் திரையில் காட்டலாமா என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் தயங்கி எழுந்து, தம் பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதை நெருங்கும் பெண். சின்னமனூர்ப் பக்கத்துக் கல்லூரியொன்றில் தொகுப்பூதியத்தில் தாவரவியல் கற்பித்து வந்தவர். திறந்தேன். ‘பைனல்’, ‘பைனல் நியூ’, ‘சார் திருத்தியது’, ‘இதுதான் பைனல்’, ‘இதுதான் பைனல் 2’ என்று பதினான்கு கோப்புகள். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏம்மா, உங்களுக்கு மட்டும் எத்தன கடைசிம்மா!" என்றார் வரலாற்றுப் பேராசிரியர். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

அந்தச் சிரிப்பை நான் பயன்படுத்திக்கொண்டேன். "பதினான்கு கடைசி இருந்தால் எதுவுமே கடைசி இல்லை. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழித்துவிடுங்கள்" என்றேன். இதன் மறுபாதி மூன்றாம் நாள் பாடத்தில் இருந்தது: எதையும் அழிக்கும் முன் மூலக்கோப்பை ஒருவர் கையும் படாத இடத்தில் வையுங்கள், மூன்று பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள். பாதுகாப்பைக் கடைசி நாளுக்கு வைத்தவள் நான். எல்லாப் பாடநூல்களும் அதைக் கடைசி அத்தியாயத்தில்தான் வைத்திருக்கின்றன. நானும் அப்படியே வைத்தேன்.

இரண்டாம் நாள் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் ஆறு திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் சில கொடிகளைத் தேர்ந்து, தகரத் துண்டில் எண் வெட்டிக் கட்டியிருந்தார். கொடியைக் கத்தரித்துவிடும் ஒவ்வொரு கவாத்துக்குப் பிறகும், ஆடிக்காற்றில் ஸ்கூட்டியை நேராக நிறுத்தக்கூட முடியாத நாட்களிலும், போய்ப் பந்தலுக்கடியில் குனிந்து நின்று, சாம்பல் நோய் கண்ட இலைகளை எண்ணி வந்தார். எந்த மாதத்தில் கவாத்து செய்தால் நோய் குறைகிறது என்பதுதான் கேள்வி. நான்கு ஆண்டு வேலை. மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். பதிவுக் காலத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது; வரும் பங்குனியோடு அதுவும் முடிகிறது. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை நீடிக்காது என்று அவருடைய கல்லூரி எழுத்தில் கொடுத்திருந்தது. இவற்றையெல்லாம் தேநீர் இடைவேளையில், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அவருடைய அட்டவணையில் சில கட்டங்கள் வெளிர்சிவப்பாக இருந்தன. பார்த்தேன். அப்படிப் பலர் நிறம் பூசுவார்கள். சந்தேகமானதற்கு மஞ்சள், முடிந்ததற்குப் பச்சை. நிரலுக்கு நிறம் தெரியாது. அதற்காகத்தான் பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன். அந்தச் சிவப்பு என்னவென்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேள்வி கேட்காதவர்களைப் பற்றி இத்தனை எழுதுகிறேன். அன்று கேட்காமல் இருந்தவள் நானும்தான்.

பிற்பகலில் முதல் நிரல். கோப்பை எளிய வடிவத்துக்கு, காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்தாக மாற்றிச் சேமித்தால், நான்கு வரி நிரல் அதை வாசித்து எண்ணிச் சொல்லும். சி.எஸ்.வி. என்பார்கள். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி நான்கு வரியையும் அடித்தார். இரண்டு முறை பிழை வந்தது. மூன்றாவது முறை திரையில் தோட்டம் வாரியாக எண்கள் வரிசையாக விழுந்தன. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், இத எண்ண எனக்கு ஒரு மாசம் ஆச்சு. கடைசியில கூட்டல் தப்பு. இது என்ன மேடம், கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள!" என்றவரின் கண்கள் நனைந்திருந்தன. "எங்க கைடு சார்ட்ட காட்டணும். நானே எழுதுனேன்னா நம்ப மாட்டாக."

இருபது ஆண்டுக் கற்பித்தலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மாலை அதுதான். அன்று மாலை பேருந்துக்குப் புறப்படுவதற்கு முன் அவர் அதே கணினியில் அமர்ந்து, தம் கோப்புகள் அனைத்தையும் எளிய வடிவத்துக்கு மாற்றினார். பிறகு, முதல் நாள் நான் சொன்னபடி, மற்றவற்றை அழித்தார். மறுநாள் அவருடைய கல்லூரியில் தேர்வு. கண்காணிப்புப் பணிக்கு அழைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வகுப்புக்கு வரவில்லை. அவருடைய நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அலைபேசியில் அழைத்தார். குரல் உற்சாகமாகவே இருந்தது.

"மேடம், ஒரு சின்னச் சந்தேகம். ஃபைல்ல கலரு தெரிய மாட்டேங்குது. எல்லாம் வெள்ளையா இருக்கு. ஏதாச்சும் செட்டிங்க மாத்தணுமா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எளிய வடிவத்தில் எழுத்து மட்டுமே தங்கும், நிறம் தங்காது. எந்தக் கணினியில் திறந்தீர்கள் என்று தேவையில்லாத ஒன்றைக் கேட்டேன். அவருக்கு விளங்குவதற்கு முன் அவருக்குக் கிடைத்த கடைசி நிமிடம் அது. அதை நீட்டித் தர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"பழைய கோப்பு இருக்கிறதல்லவா?" என்றேன்.

"ஒரே ஃபைல் போதும்னு நீங்கதான மேடம் சொன்னீக?"

அடுத்த நாள் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். வேறெங்கும் பிரதி இல்லை; நெறியாளரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுத்தாள்கள்தான். அந்த நிறம் என்னவென்று அப்போதுதான் கேட்டேன். வெளிர்சிவப்பு என்றால், அவர் எண்ணப் போவதற்கு முன்பே தோட்டக்காரர் அந்தக் கொடிக்கு மருந்து அடித்திருக்கிறார் என்று பொருள். மருந்து அடித்த கொடியில் நோய் இல்லை என்பது கவாத்து மாதத்தைப் பற்றி எதையும் சொல்லாது. அந்த வரிகளை விலக்கித்தான் கணக்கிட வேண்டும். எவற்றை விலக்குவதென்று தெரியாவிட்டால் நான்கு ஆண்டு எண்களுக்கும் பொருளில்லை.

"அதைத் தனியாக ஒரு பத்தியில் எழுதியிருக்கலாமே?" என்றேன். கேட்டதும் என் குரலில் இருந்த ஆசிரியத்தனம் எனக்கே கேட்டது.

"எழுத வேணாம்னு கேட்டுக்கிட்டாக மேடம். பறிப்பு நெருங்குற நேரத்துல அடிச்சது வியாபாரி காதுக்குப் போனா வில விழுந்திரும். தோட்டத்துல வச்சுக் கேட்டாச் சொல்ல மாட்டாக, கூட ஆளு இருக்கும்ல. சாயந்தரம் போன் போட்டுத்தான் சொல்லுவாக. ‘டீச்சர், உங்களை நம்பிச் சொல்றேன், பேரு போட்டு எழுதிராதீக’ன்னு. அதான் நோட்டுலயும் எழுதல. கலர மட்டும் பூசினேன். பாக்குறவுகளுக்கு ஒண்ணும் புரியாது. குடுத்த வாக்கும் நிக்கும், கணக்கும் நிக்கும்னு நெனச்சேன்."

தரவுப் பாதுகாப்பு, அந்தரங்கம் காத்தல் என்று மூன்றாம் நாள் நான் ஒரு மணி நேரம் பேசுவது வழக்கம். அவர் அதை ஒருவரும் சொல்லித் தராமல், தம் நாகரிகத்தால் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைத்தான் நான் தரவு ஆகாது என்று எழுதிக் கோடு இழுத்தேன்.

உத்தமபாளையம் கடைவீதியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அழிந்த கோப்புகளை மீட்பதில் கெட்டிக்காரர். அந்தப் பென்டிரைவை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். பென்டிரைவில் அழித்தது குப்பைக்கூடைக்குப் போவதில்லை; போயே போய்விடும். என்றாலும் மேலே வேறு எதுவும் எழுதப்படாதிருந்தால் மீட்கலாம். ஆனால் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்று, தாவரவியல் துறையில் அதே பென்டிரைவை வாங்கி ஆண்டுவிழா வீடியோவை நிரப்பியிருந்தார்கள்.

"அக்கா, சிலேட்டுல அழிச்சாக்கூடச் சுவடு தெரியும்" என்றார் பாய். "இது அழிச்சுட்டு அதுமேல ஒரு கல்யாணக் கூட்டமே ஆடிருக்கு. பாருங்க, பூராவும் டான்ஸு." மீண்டவை பெயரற்ற ஏழெட்டுக் கோப்புகள். எதுவும் திறக்கவில்லை. கூலி வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதும்தான், என்னுடன் வந்திருந்த இவர் அழுதார்.

தோட்டக்காரர்களையே கேட்பதென்று புறப்பட்டோம். ஆறில் இரண்டு தோட்டங்களில் இப்போது திராட்சை இல்லை. பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைத்திருந்தார்கள். கம்பத்துக்கு அருகே மூன்றாவது தோட்டத்தில் பெரியவர் ஒருவர் பந்தலுக்கடியில் எங்களுக்குச் சாக்கை விரித்துப் போட்டார். இவர் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் கொடியில் தொங்கிய தகரத் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வருசத்துல எந்தத் தேதி அடிச்சேன், எந்த வரிசைக்கு அடிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும் ஆத்தா? அடிச்ச அன்னைக்கே உனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். நீ குறிச்சு வச்சிருக்கன்னுதான நான் மறந்தேன்."

"சரிதாங்கய்யா."

"யாருகிட்டயும் காட்டலேல்ல?"

"இல்லங்கய்யா. யாரும் பாக்கல. பாக்கவும் முடியாது."

"அது போதும்" என்று பெரியவர் நிம்மதியாகத் தலையாட்டினார். ஒரு குலை பன்னீர்த் திராட்சையை வெட்டி என் கையில் கொடுத்து, "கழுவிட்டுத் தின்னுங்க" என்றார். மற்ற மூன்று தோட்டங்களிலும் இதே பதில்தான் கிடைத்தது. திரும்பும் வழியில் அந்தக் குலையை நாங்கள் இருவருமே தொடவில்லை.

இவருடைய நெறியாளர் கெட்டவர் அல்லர். ஆராய்ச்சி மாணவர்கள் எட்டுப் பேரைக் கரையேற்ற வேண்டியவர். இவரிடம் அன்பும் உள்ளவர். அவர் சொன்னதை இவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "ஞாபகத்துல இருக்கிறத வச்சுப் போட்டுரும்மா. மூணுல ஒண்ணு சிவப்புன்னு வச்சுக்க. யாரு தோண்டிப் பாக்கப் போறாக? நீ நாலு வருசம் வெயில்ல நின்னது பொய்யா?" சொல்லி முடித்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீக மேடம்?"

போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. மெய்யாகவே வந்தது. நான் இழைத்த பிழைக்கு அவர் ஏன் வேலையை இழக்க வேண்டும்? பட்டம் பெற்ற எத்தனை ஆய்வேடுகளின் அட்டவணைகள் கடையில் பிறந்தவை என்று எனக்குத் தெரியும். ஆனால் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லாதது போலவே, போடுங்கள் என்று சொல்லவும் உரிமை இல்லை என்று தோன்றியது. "யோசிப்போம்" என்றேன். நான் சொன்னதிலேயே கோழைத்தனமான சொல் அதுதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் மின்னஞ்சலில் கோப்பு வந்தது. குறிப்பு ஏதும் இல்லை. திறந்தேன். என் வகுப்புக்கு வந்தவர்கள் எவரும் இத்தனை ஒழுங்கான அட்டவணை அமைத்ததில்லை. ஒரு வரிக்கு ஒரு கொடி, தலைப்பில் இடைவெளி இல்லை, தேதிகள் ஒரே வடிவில். கடைசியில் புதிதாக ஒரு பத்தி: ‘மருந்து’. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், சுழியமும் போடாதீர்கள், எல்லா இடத்திலும் ஒரே சொல்லை இடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். மேலிருந்து கீழ்வரை ‘தெரியாது’, ‘தெரியாது’ என்று இருந்தது. அங்கங்கே, ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் இடங்களில் மட்டும், ‘ஆம்’.

பழக்கத்தால், எண்ண வேண்டிய பத்தியை மட்டும் ‘மருந்து’ என்று மாற்றி, வந்த கோப்பை அதே நான்கு வரி நிரலில் ஓட்டினேன். ‘தெரியாது’ என்னும் சொல்லை அது இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டியது. பார்த்தேன். பல கட்டங்களில் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் மூவாயிரமும் நொடியில் நிறைந்துவிடும்; அதை அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். இழுத்திருந்தால் இடைவெளிகள் இப்படி மாறி மாறி விழா. அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்திருக்கிறார். ஒவ்வொரு கொடிக்கு முன்னாலும் நின்று, அந்த மாலையில் அலைபேசி வந்ததா என்று நினைத்துப் பார்த்து, உறுதியில்லை என்றதும் அந்தச் சொல்லை அடித்து, அடுத்த கொடிக்கு நகர்ந்திருக்கிறார்.

நிரலில் ஒரு சொல் சேர்த்தால் அந்த இடைவெளிகளை நீக்கிவிடலாம். நீக்காமல் அப்படியே மூடி வைத்தேன். என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன, மூன்று இடங்களில்.

அந்தக் கோப்பைக் கொண்டு எந்த முடிவும் எழுத முடியாது என்று நெறியாளர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். பங்குனியில் பதிவு காலாவதியானது. ஆனியில் கல்லூரி திறந்தபோது அவருடைய பாடங்களை வேறொருவர் எடுத்தார். அவர் இப்போது சின்னமனூரில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறார்.

நான் பாட வரிசையை மாற்றினேன். பாதுகாப்பு இப்போது முதல் நாள் முதல் மணி நேரம். அந்த நேரத்தில் பெயர்ப் பதிவும் குத்துவிளக்கும் வரவேற்புரையும் நடக்கின்றன. பாதிப் பேர் வந்திருப்பதில்லை. வந்தவர்கள் "புரியுது மேடம்" என்கிறார்கள். போன மாதம்கூட ஒருவர் மூன்று பிரதிகளையும் ஒரே பென்டிரைவில் மூன்று கோப்புறைகளில் வைத்து எடுத்து வந்து, பாராட்டை எதிர்பார்த்து நின்றார். பலகையில் அந்த வாக்கியத்தை எழுதுவதில்லை. யார் கோப்பிலாவது நிறம் தென்பட்டால், இது என்ன என்று கேட்கிறேன். அநேகமாக, "சும்மா, அழகுக்கு மேடம்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஐப்பசியில் அவரைப் பார்க்கப் போனேன். பள்ளி விட்டு வந்து, விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்தார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இலையின் பாகங்களுக்கு என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டிச் சிரித்தார். அப்போது அலைபேசி அடித்தது. எடுத்தார். மறுமுனையில் தோட்டக்காரர் ஒருவர்; உரத்த குரல், எனக்கும் கேட்டது.

"டீச்சர், இன்னைக்கு அடிச்சிட்டேன். தெக்கு வரிச நாலும். குறிச்சுக்கங்க. யாருகிட்டயும் சொல்லிராதீக."

அவர் தாள்கட்டின் மேல் கையை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறிச்சுக்கிட்டேங்கய்யா" என்றார்.